மின்வெட்டிலும் எழுதியது தப்ப, எந்த எடிட்டர்?

யாங்கோனிலிருந்து எழுதியுள்ள வாசகர், 4 ஜிபி நினைவகமும் பேட்டரி செயலிழந்த நிலையும் கொண்ட பழைய மடிக்கணினியில் பைத்தான் நிரல்மொழி பழகுகிறார். தமிழ் வகுப்புக் குறிப்புகளைத் தமிழிலும் பர்மியத்திலும் அதிலேயே எழுதுகிறார். மின்சாரம் நின்றாலும் எழுதியது அழியாத, கணினிக்குச் சுமையாகாத திறமூல எடிட்டர் (நிரலும் குறிப்பும் எழுதும் மென்பொருள்) எது என்பது அவருடைய கேள்வி.

விண்டோஸ் எனில் தயங்காமல் நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும். 2003 முதல் வெளிவரும் இது, இயல்பான அமைப்பிலேயே 7 வினாடிக்கு ஒருமுறை காப்புநகல் எடுப்பதால், பெயரிட்டுச் சேமிக்காத பக்கமும் மறுமுறை திறக்கும்போது பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். லினக்ஸ் எனில் கேட் எடிட்டரைப் பரிந்துரைப்பேன். கணினி திடீரென அணைந்தால், அதே கோப்பைத் திறக்கும்போது விடுபட்ட மாற்றங்களை மீட்கலாமா என்று அதுவே கேட்கும். ஆயினும் கோப்புக்கு முதலிலேயே பெயரிட்டுச் சேமித்துவிட்டு எழுதத் தொடங்குவது அவசியம். ஜீனி இன்னும் இலகுவானது, எஃப்5 விசையை அழுத்தினால் பைத்தான் நிரலை இயக்கிக் காட்டும். ஆனால் தானாகச் சேமிக்கும் வசதிக்கு அதனுடன் வரும் 'சேவ் ஆக்ஷன்ஸ்' என்ற செருகுநிரலை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) நீங்களே இயக்க வேண்டும்.

விஎஸ் கோட் நல்ல கருவிதான், எனினும் ஓர் உலாவியின் இயந்திரத்தையே உடன் சுமந்து வருவதால் உங்கள் கணினிக்குப் பாரம். பழைய வழிகாட்டிகள் புகழும் ஆட்டம் எடிட்டர் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. டெர்மினல் எனப்படும் கட்டளைத் திரையில் இயங்கும் விம் எடிட்டர் நிரலுக்குச் சிறந்தது. ஆனால் பல டெர்மினல்களில் தமிழின் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தெரியும்.

பர்மியக் குறிப்புகளில்தான் மிகுந்த கவனம் தேவை. மியான்மர் 2019 அக்டோபரில் அதிகாரபூர்வமாக, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுமுறையான யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய ஸோஜி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை, யூனிகோடு பர்மியத்துக்கு உரிய அதே குறியெண்களை வேறு முறையில் பயன்படுத்துவதால், இப்போது குழம்பித் தெரியும். எடிட்டரின் குறியேற்றப் பட்டியலில் (எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறைகளின் பட்டியல்) வேறொன்றைத் தேர்ந்து இதைச் சரிசெய்ய முடியாது. பழைய ஆன்சி முறையில் சேமித்தால் தமிழும் சேர்ந்து கேள்விக்குறிகளாகிவிடும். கோப்பை நகலெடுத்துவைத்து, பர்மியப் பகுதியை மட்டும் ஸோஜியை யூனிகோடாக்கும் மாற்றியில் இட்டு மாற்றி, யூனிகோடுக்கான யூடிஎஃப்-8 குறியேற்ற முறையில் சேமியுங்கள். விண்டோஸில் அந்தக் கோப்பைப் பைத்தான் வழியாகப் படிக்கும்போதும், திறக்கும் வரியிலேயே யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுவிடுங்கள்.