மினோட்டார் மினோஸின் மகன் அல்ல

கேள்வி: கிரீட் மன்னன் மினோஸ், மாட்டுத்தலை கொண்ட தன் மகன் மினோட்டாருக்கு ஏதென்ஸ் பிள்ளைகளை இரையாகப் போட்டவன். ஏதென்ஸ் வீரன் தீசியஸ் அந்த மகனைக் கொன்றதோடு வம்சமும் அற்றுப்போனது. இப்படிப்பட்ட கொடுங்கோலனின் பெயரால் கிரீட் தீவின் பழைய நாகரிகத்தையே 'மினோவன் நாகரிகம்' என்று அழைப்பது சரியா?

பதில்: முதல் வரியே தவறு. மினோட்டார் மினோஸுக்குப் பிறந்தவன் அல்ல. பலியிடுவதாகச் சொல்லி கடல் தெய்வம் பொசைடனிடம் வாங்கிய காளையை, அதன் அழகில் மயங்கிய மினோஸ் தன் மந்தையில் சேர்த்துக்கொண்டு வேறொன்றைப் பலியிட்டான். கோபம் கொண்ட பொசைடன், அரசி பாசிஃபேயை அந்தக் காளை மீதே மோகம் கொள்ள வைத்தான். அதில் பிறந்தவன் மினோட்டார். வாக்குத் தவறியது மினோஸின் குற்றம்தான். ஆனால் அவன் பெற்ற பிள்ளைகள் வேறு.

கிரேக்கப் புராணங்களைத் தொகுத்த அப்போலோடோரஸ் தரும் பட்டியலில் பாசிஃபேயிடம் அவனுக்கு நான்கு மகன்கள், நான்கு மகள்கள். மகன்கள் காட்ரியஸ், டியூகாலியன், கிளாக்கஸ், ஆண்ட்ரோஜியஸ். மகள்களில் பலரும் அறிந்தவர்கள் அரியாட்னியும் ஃபேட்ராவும். ஆண்ட்ரோஜியஸை நீங்கள் விட்டுவிட்டீர்கள். ஏதென்ஸ் பிள்ளைகளைக் கப்பமாகக் கேட்ட கதை தொடங்குவதே அவனிடம்தான். ஏதென்ஸ் விளையாட்டு விழாவில் எல்லாரையும் வென்றவன் உயிரோடு ஊர் திரும்பவில்லை. மாரத்தான் என்ற ஊரில் திரிந்த மூர்க்கக் காளையை அடக்கச் சொல்லி மன்னன் ஏஜியஸ் அனுப்பியதில் செத்தான் என்கிறது ஒரு கதை. பொறாமைக்காரர்கள் வழிமறித்துக் கொன்றார்கள் என்கிறது இன்னொன்று. ஏழு இளைஞர், ஏழு கன்னியர் என்ற கப்பம் அந்தச் சாவுக்குக் கேட்ட ஈடு. கொடூரமான ஈடு, சந்தேகமில்லை. ஆனாலும் மகனைப் பறிகொடுத்த தகப்பன் கேட்டது என்பதை மறைத்துவிட்டு அதைச் சொல்லக் கூடாது.

வம்சம் அற்றுப்போனதா? ஹெலனை மீட்க கிரேக்கர்கள் போர் தொடுத்த டிராய் போர்க்களத்துக்குப் போய்ப் பாருங்கள். டியூகாலியனின் மகன் இடோமெனியஸ் கிரீட்டிலிருந்து 80 கப்பல்களோடு வந்து நிற்கிறான். 'சீயஸின் மகன் மினோஸ், மினோஸின் மகன் டியூகாலியன், அவன் மகன் நான்' என்று ஹோமரின் இலியட் காவியத்தின் 13-ஆம் காண்டத்தில் அவனே தன் குலம் சொல்கிறான். மூத்த கிளையில் காட்ரியஸின் மகள் ஏரோபே. அவள் பெற்றவர்கள்தான் டிராய் போரில் கிரேக்கப் படைக்குத் தலைமை தாங்கிய அகமெம்னனும் ஹெலனின் கணவன் மெனெலாஸும். அவள் கணவன் அட்ரியஸா பிளைஸ்தனிஸா என்பதில் நூல்கள் முரண்படும்; எப்படியானாலும் அந்த அண்ணன் தம்பி இருவரும் மினோஸின் கொள்ளுப்பேரர்களே. நம் முறைப்படி பார்த்தால் இடோமெனியஸ் அவர்களுக்குத் தாய்மாமன் ஆக வேண்டும். டிராய் இளவரசன் பாரிஸ் ஹெலனைக் கொண்டுபோன நாளில் மெனெலாஸ் ஏன் வீட்டில் இல்லை? இறந்துபோன தாத்தா காட்ரியஸுக்கு ஈமக்கடன் செய்ய கிரீட் போயிருந்தான்.

ஏதென்ஸையும் பார்த்துவிடுவோம். அரியாட்னியைக் கூட்டிக்கொண்டுபோய் வழியில் விட்ட தீசியஸ், பின்னாளில் அவள் தங்கை ஃபேட்ராவை மணந்தான். வழக்கமான மரபின்படி அவள் பிள்ளைகள் அகாமஸும் டெமோஃபோனும். டெமோஃபோன் ஏதென்ஸை ஆண்டான். கப்பம் கட்டிய ஊரின் அரியணையில் மினோஸின் மகள் வயிற்றுப் பேரன்!

இந்த வம்சமரத்தை வரைபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. பெருவெள்ளத்தில் பெட்டகத்தில் ஏறித் தப்பிய டியூகாலியன் புரோமிதியஸின் மகன்; மினோஸின் மகன் வேறு ஆள். அடுத்தது, அஸ்டீரியஸ் என்ற பெயர் மினோஸை வளர்த்த கிரீட் மன்னனுக்கும் உண்டு, மினோட்டாருக்கும் உண்டு. பெயரை மட்டும் பார்த்துக் கோடு இழுத்தால் வளர்ப்புத் தந்தையும் மினோட்டாரும் ஒருவராகிவிடுவார்கள்.

கொடுங்கோலன் என்ற பட்டம் எங்கிருந்து வந்தது என்பதை தீசியஸின் வாழ்க்கையை எழுதிய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கே சொல்லிவிட்டார்: ஏதென்ஸ் நாடக மேடையிலிருந்து. நாவும் கலையும் கைவந்த ஊரைப் பகைத்துக்கொண்டால் இதுதான் நடக்கும் என்பது அவர் கருத்து. வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் ஏதென்ஸ்காரர்தான், ஆனால் அவர் எழுத்தில் மினோஸ், முதன்முதலில் கடற்படை கட்டி, தீவுகளில் மகன்களை ஆளுநராக வைத்து, கடற்கொள்ளையை ஒடுக்கியவன். ஹோமரின் ஒடிசி காவியத்தில் அவன் பாதாளத்தில் பொற்செங்கோலோடு அமர்ந்து இறந்தவர்களின் வழக்கைத் தீர்க்கிறான்.

நாகரிகத்தின் பெயருக்கு வருகிறேன். 1900 மார்ச்சில் கிரீட்டின் க்னோசோஸில் அகழ்வாய்வு தொடங்கிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் இவான்ஸ் பரவலாக்கிய பெயர் அது. அதை எதிர்க்க வேண்டுமானால் வலுவான காரணம் ஒன்று உண்டு. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டிய லீனியர் பி என்ற பழைய எழுத்துமுறையில் அமைந்த களிமண் பலகைகளில் ஆடு, கம்பளி, எண்ணெய்க் கணக்குகள் இருக்கின்றன. மினோஸ் என்ற அரசன் இல்லை. அவையும் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை. அதற்கு முந்தைய கிரீட் மக்களின் எழுத்தான லீனியர் ஏ இன்னும் படிக்கப்படவில்லை. அவர்கள் தங்களை என்ன பெயரால் அழைத்துக்கொண்டார்கள் என்பது தெரியாத நிலையில், கிரேக்கக் கதையில் வரும் மன்னனின் பெயரை அவர்கள் தலையில் கட்டியது பொருந்துமா என்று கேளுங்கள்.