‘தி பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்’ பாட்டில் வரும் ஜந்து ஊதா நிறமா? அதைப் பாடியவர் யார்?

ஊதா என்பது அந்த ஜந்துவின் நிறமன்று. அது தின்னும் மனிதர்களின் நிறம். ‘பழைய புத்தகக் கடை’ என்னும்போது பழையது புத்தகமா, கடையா என்று நாம் மயங்குவதைப் போலவே, அந்த ஆங்கிலத் தலைப்பிலும் (ஊதா, மனிதர், தின்னி என்று மூன்று சொற்கள்) ஊதா என்பது தின்னும் ஜந்துவுக்கு அடைமொழியா, தின்னப்படுவோருக்கு அடைமொழியா என்ற மயக்கம் இருக்கிறது. ஆனால் விடை பாட்டுக்குள்ளேயே உள்ளது. ‘உன் தொழில் என்ன’ என்று கேட்கும்போது, ஊதா மனிதர்களைத் தின்பது என்று அதுவே சொல்லிவிடுகிறது. ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் கொம்பும் உடைய அது பூமிக்கு இறங்கி வந்ததும் இரை தேடியன்று, ஒரு ராக் அண்ட் ரோல் குழுவில் வேலை தேடித்தான்.

பாடியவர் ஷெப் வூலி. 1921இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தின் எரிக் என்ற சிற்றூரில் பிறந்தவர். கௌபாய் படங்களில் நடித்துவந்தார். 1952இல் வெளிவந்த ‘ஹை நூன்’ படத்தில் நாயகனைக் கொல்ல வரும் கும்பலில் ஒருவராக அவரைப் பார்க்கலாம். நண்பர் ஒருவரின் பிள்ளை சொன்ன விடுகதையை வைத்து இந்தப் பாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எழுதி முடித்தார் என்பார்கள். எம்ஜிஎம் நிறுவனம் வெளியிட்ட அந்த இசைத்தட்டு 1958 ஜூனில் அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு பட்டியலின் முதலிடத்தைப் பிடித்து, ஆறு வாரம் அங்கேயே நின்றது.

விரைவில் எழுதப்பட்டது என்பதற்காக இதை விளையாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் ஒலிப்பதிவில் தெரியும் அக்கறை அப்படிப்பட்டது. ஜந்துவின் கீச்சுக்குரலை, ஒலிநாடாவை மெதுவாக ஓடவிட்டுப் பதிந்து, பின்னர் வேகமாக ஓட்டி உண்டாக்கினார்கள். ஓட்டம் இருமடங்கானால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி உயரும் என்பதால், பாடுபவர் வழக்கத்தைவிட இழுத்துப் பாடினால்தான் இறுதியில் தாளம் பொருந்தும். நான் ஒருமுறை கணினியில், சுருதியும் சேர்ந்து இறங்கும்படி வேகத்தைக் குறைத்துக் கேட்டேன் (யூடியூபின் வேகக் குறைப்பு இதற்குப் பயன்படாது, அது சுருதியை மாற்றுவதில்லை). கீச்சொலி மறைந்து, ஓர் ஆண் மிகப் பொறுமையாகச் சொற்களை இழுத்துப் பாடுவது கேட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது பாட்டின் கடைசிப் பகுதி. ஆங்கிலத்தில் கொம்புக்கும் ஊதுகருவிக்கும் ஒரே சொல் என்பதால், ஜந்து தன் தலைக்கொம்பின் வழியே ராக் அண்ட் ரோல் வாசிக்கிறது. அதே முறையில் வேகமாக்கப்பட்ட சாக்ஸஃபோன், பொம்மை ஊதுகுழல் போலத் துள்ளி ஓடுகிறது. அது ஓய்ந்ததும் ஜந்து ‘டெக்கீலா’ என்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் ‘தி சாம்ப்ஸ்’ குழுவின் ‘டெக்கீலா’ முதலிடத்தில் இருந்தது. வேலை தேடி வந்த ஜந்து அதையும் கேட்டுப் பழகிவிட்டுத்தான் வந்திருக்கிறது.