வாங்காத லென்ஸுக்கு வளையம்

அன்புள்ள ஐயா,

பொங்கோல் கடற்கரைப் பாறைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு முதல்முறை அங்கே போனேன். எனக்கு ஷிப்ட் வேலை. விடியலோ அந்தியோ, வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் பெரிது. ஃபுல் ஃபிரேம் கேமராவும் 16-35 மி.மீ. எஃப் 4 வைட் ஆங்கிள் லென்ஸும் வைத்திருக்கிறேன். ஃபில்டர் அளவு 77 மி.மீ. சதுர ஃபில்டர் தகடுகளை லென்ஸுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளும் ஹோல்டர் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "150 மி.மீ. அகலத் தகட்டுக்கானதை எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு 14-24 லென்ஸ் வாங்கினாலும் உதவும். 100 வாங்கினால் இரண்டு செலவு" என்றார். என் நண்பரோ இதெல்லாம் வெட்டிச் செலவு, பிறகு கம்ப்யூட்டரில், லைட்ரூம் மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

ந., உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள ந.,

100 மி.மீ. ஹோல்டரையே வாங்குங்கள். கடைக்காரர் சொன்னது பாதி சரி என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

2007இல் நிக்கான் கொண்டுவந்த 14-24 எஃப் 2.8 லென்ஸைப் பார்த்திருப்பீர்கள். முன்கண்ணாடி முட்டைபோலப் புடைத்து நிற்கும், ஃபில்டரைத் திருகி மாட்ட மரையே கிடையாது. அதனால் ஹோல்டர் லென்ஸின் உடம்பைக் கவ்விப் பிடிக்க வேண்டும். புடைப்பைத் தாண்டி அவ்வளவு முன்னால் நிற்கிற தகடு 100 மி.மீ. அகலத்தில் இருந்தால் ஹோல்டரின் ஓரமே படத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். 150 வந்தது இந்த மாதிரி லென்ஸுக்காகத்தான். அவர் சொல்லாமல் விட்டது, அப்படிக் கவ்வுகிற வளையம் லென்ஸுக்கு லென்ஸ் வேறு என்பதை. நிக்கானுக்குச் செய்ததை அப்படியே சிக்மா கம்பெனி லென்ஸில் ஏற்ற முடியாது. இன்று 150 வாங்கினாலும் உங்கள் 77க்குத் தனி வளையம், நாளை வரும் லென்ஸுக்கு இன்னொரு வளையம். இரண்டு செலவு எப்படியும் உண்டு. போதாக்குறைக்கு, அதே நிக்கானின் மிரர்லெஸ் இசட் 14-24க்கு வரும் ஹுட் ஒன்றில் 112 மி.மீ. வட்ட ஃபில்டரை நேராகத் திருகிவிடலாம். எந்த லென்ஸை வாங்கப்போகிறோம் என்றே தெரியாதபோது அதற்கு வளையம் தேடுவது, பெண் பார்க்கும் முன்பே தாலிக்கொடிக்கு அளவு கொடுப்பதுபோல. 150 தகடுகளின் எடையையும் யோசியுங்கள். கடைசி ரயிலைப் பிடிக்க ஓடும்போது ஒவ்வொரு கிராமும் தோளில் தெரியும்.

உங்கள் கேள்வி உண்மையில் உங்கள் லென்ஸின் மிக அகலமான முனையில், 16 மி.மீ.யில் இருக்கிறது. அந்த நீளத்தில் ஃபுல் ஃபிரேம் லென்ஸ் மூலைக்கு மூலை ஏறக்குறைய 107 பாகை பார்க்கும். 100 மி.மீ. ஹோல்டர் அதைத் தாங்குமா என்பதற்குப் பெட்டியில் அச்சிட்டதை நம்பாதீர்கள். கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள். பெனின்சுலா பிளாசா பக்கத்துக் கேமரா கடைகளில் தன்மையாகக் கேட்டால் மாட்டிப் பார்க்க விடுவார்கள். (பர்மியச் சாப்பாட்டு வாசனை வந்தால் சரியான கட்டடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.) லென்ஸை 16 மி.மீ.யில் வைத்து, துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். பிறகு ஹோல்டரை 45 பாகை சாய்த்து இன்னொன்று. நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். மூலை மெல்ல மெல்ல இருண்டால் அது லென்ஸின் குணம், அதைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிடலாம். வெட்டினாற்போல் கறுப்பு முனை தெரிந்தால் அது ஹோல்டர். நேராக வைத்தபோது தெரியாமல் சாய்த்தபோது மட்டும் தெரிகிற ஹோல்டர்கள் உண்டு, அதனால்தான் இரண்டாவது படம். மூன்று தகடு செருகும் ஹோல்டர் என்றால் ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டு போதும்.

பளபளப்பை எடுக்கும் ஃபில்டரான போலரைசர் எங்கே உட்காருகிறது என்பதையும் பாருங்கள். லீ கம்பெனியின் 100 முறையில் அது 105 மி.மீ. வட்டமாக எல்லாவற்றுக்கும் முன்னால் மாட்டும். நிசி, கேஸ் கம்பெனிகளின் முறைகளில் தகடுகளுக்குப் பின்னால், லென்ஸை ஒட்டி உட்காரும், பக்கத்தில் இருக்கும் சிறு சக்கரத்தை விரலால் உருட்டலாம். வைட் ஆங்கிளுக்கு எனக்குப் பின்னால் இருப்பதே பிடிக்கும். ஆனால் போலரைசர் வானத்தை நீலமாக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். சூரியனுக்கு 90 பாகையில் இருக்கும் வானம்தான் அதில் நன்றாக இருளும். 16 மி.மீ.யில் அகலவாக்கில் 97 பாகை வானம் சட்டத்துக்குள் வரும்போது, நடுவில் மட்டும் மை கொட்டியதுபோல ஒரு திட்டு விழும். மரீனா அணைக்கட்டின் கூரைப் புல்வெளியில், பட்டம் விடுகிறவர்களுக்கு நடுவே நின்று நகரத்தைப் பார்த்தால் நீங்கள் மேற்கே பார்க்கிறீர்கள். அங்கே அந்தியில் சூரியன் எதிரிலேயே இருப்பதால் வானத்துக்குப் போலரைசர் எதுவும் செய்யாது. ஈரப் பாறையின் பளபளப்பை எடுக்கத்தான் எனக்கு அது வேண்டும், பொங்கோலில்.

பொங்கோல் என்றதும் நினைவு வருகிறது. என் முதல் ஹோல்டர் மலிவானது. "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று கொடுத்தார்கள். தகடு செருகும் தண்டவாளம் மேலும் கீழும் திறந்தது, பிளாஸ்டிக். நாலைந்து மாதத்தில் பிடி தளர்ந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு காலை, பாறைமேல் குந்தி ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையில் வானம் மெல்ல வெளுத்துக்கொண்டே போனது. மேகம் விலகுகிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு "ணங்". வானத்தை மட்டும் இருட்டாக்க மேல்பாதி கறுத்திருக்கும் கிராட் தகடு தானாக வழுக்கி இறங்கிப் பாறை இடுக்கில் கிடந்தது, ஒரு முனை இல்லாமல். கடையில் ஹோல்டரைக் குப்புறக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். தகடு அசைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். 100 மி.மீ. கண்ணாடித் தகடுகள் பெரும்பாலும் 2 மி.மீ. தடிமன்தான், ஒரு கம்பெனியின் தகடு இன்னொன்றின் ஹோல்டரில் ஏறும். அதனால் ஹோல்டரில் காசைப் போடுங்கள், தகடுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

எந்தத் தகடு முதலில்? 6 ஸ்டாப் என்டி, அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும், படம் எடுக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும். எல்லாரும் 10 ஸ்டாப் என்பார்கள். அவர்கள் பேசுவது வேறு ஊரின் அந்தி. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. மறைந்து இருபது நிமிடச் சொச்சத்தில் வானம் கறுத்துவிடும். கணக்கைப் பாருங்கள். சூரியன் மறையும்போது ஃபில்டர் இல்லாமல் 1/60 நொடி என்றால் 10 ஸ்டாப் போட்டால் 17 நொடி, அழகு. அடுத்த கால் மணியில் அது அரை நொடிக்கு வந்திருக்கும். இப்போது 10 ஸ்டாப் போட்டால் எட்டரை நிமிடம்! ஒரே படத்தில் அந்தி முடிந்துபோகும். 6 ஸ்டாப் என்றால் 32 நொடி. 2008இல் அணைக்கட்டு வந்தபின் மரீனா நீரில் அலையேற்றம் இல்லை, படகு கிளப்பும் சிற்றலைதான்; 30 நொடியில் அது கண்ணாடியாகிவிடும்.

உங்கள் நண்பருக்கு வருகிறேன். கிராட் விஷயத்தில் அவர் சொல்வதை முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். கடல்மட்டக் கோடு தெளிவாக இருக்கும் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில், கறுப்பு சட்டென்று முடியும் ஹார்ட் கிராட் சரி. நகரத்தை நோக்கி அதையே இறக்கினால் 55 மாடிக் கோபுரங்களின் பாதி உடம்பு கரியாகிவிடும். அங்கே நானே வெளிச்சத்தை மாற்றி மாற்றி மூன்று எக்ஸ்போஷர் எடுத்து வீட்டில் ஒன்றாகச் சேர்க்கிறேன். பையில் கறுப்பு மெல்லக் கரையும் சாஃப்ட் கிராட் ஒன்றே ஒன்று, 3 ஸ்டாப், சோம்பல் நாள்களுக்கு. ஆனால் 32 நொடி ஓடிய தண்ணீரும், பளபளப்பு போன பாறையின் நிறமும் ஒரே சொடுக்கில் எடுத்த படத்திலிருந்து லைட்ரூமில் உண்மையாக வராது. உங்கள் நண்பரை ஒரு நாள் கூடவே அழைத்துப் போங்கள்.

கடைசியாக, எம்.ஆர்.டி. ரயிலின் குளிரிலிருந்து இறங்கி நேராகப் பையைத் திறக்காதீர்கள். லென்ஸ், போலரைசர், தகடு என மூன்று கண்ணாடிகளும் ஒருசேர ஆவி பூத்துவிடும். தகட்டுக்கும் லென்ஸுக்கும் இடையே பூத்ததைத் துடைக்க மொத்தத்தையும் கழற்ற வேண்டும், அதற்குள் அந்த இருபது நிமிடம் போய்விடும். வளையத்தை மட்டும் வீட்டிலேயே லென்ஸில் திருகிவிடுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், பையை மூடியபடி அரை மணி நேரம் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோப்பி குடியுங்கள். பொங்கோலில் வார நாள் காலை என்றால் பாறை காலியாகத்தான் இருக்கும். ஷிப்ட் வேலைக்கு அப்படி ஒரு வசதி.