கால்பந்து வீரர்கள் கிளப் மாறுவதாக வரும் வதந்திகள் ஏன் இவ்வளவு பொய்க்கின்றன? பத்திரிகைகளின் தரம் சரிந்ததுதான் காரணமா?

பாதிக் காரணம் அதுதான். மீதி, செய்தி எங்கிருந்து கிளம்புகிறது என்பதில் இருக்கிறது.

வீரரின் ஏஜென்ட்டுக்குச் சம்பள உயர்வு வேண்டும். 'இன்னொரு பெரிய கிளப் கேட்கிறது' என்று நிருபர் காதில் போட்டு வைப்பார். விற்க நினைக்கும் கிளப்பும் விலையை ஏற்ற இதையே செய்யும். ஆகவே பல வதந்திகள் வெறும் கற்பனை இல்லை, யாரோ ஒருவருடைய பேரம். பிரெஞ்சு வீரர் எம்பாப்பே ஸ்பெயின் கிளப்பான ரியல் மாட்ரிட்டுக்குப் போகிறார் என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். 2022இல் அவர் தன் பாரிஸ் கிளப்பிலேயே புது ஒப்பந்தம் போட்டார், 2024இல்தான் போனார்.

பத்திரிகைப் பக்கம் வருவோம். விளம்பர வருமானம் இணையத்துக்குப் போனதும் ஆட்குறைப்பு நடந்தது. பயிற்சி மைதானத்தில் காத்துக்கிடந்த நிருபர் இப்போது மேசையில் உட்கார்ந்து, 'ஸ்பெயின் ஊடகங்கள் கூறுகின்றன' என்று எழுதுகிறார். ஸ்பெயின்காரர் இங்கிலாந்து ஊடகத்தைக் காட்டுகிறார்! வதந்தி இப்படியே வட்டமடித்து 'உறுதி' ஆகிவிடும். கிளிக் விழுந்தால் போதும், தவறினாலும் யாரும் கேட்பதில்லை.

நல்ல விளையாட்டு இதழியல் செத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், இடம் மாறியிருக்கிறது. நியூயார்க் டைம்ஸ் 2022இல் தி அத்லெட்டிக் என்ற விளையாட்டுச் செய்தித் தளத்தை 55 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே தன் சொந்த விளையாட்டுப் பிரிவைக் கலைத்தது. ஆனால் தி அத்லெட்டிக்கில் படிக்கச் சந்தா கட்ட வேண்டும், வதந்தியோ இலவசம்.

ரசிகர்களும் அப்பாவிகள் இல்லை. ஆட்டம் இல்லாத ஐரோப்பியக் கோடையில் இதுதான் பொழுதுபோக்கு. 'ஆர்வம் காட்டுகிறது', 'கண்காணிக்கிறது' என்றிருந்தால் தாண்டிப் போங்கள். தொகை, ஒப்பந்தக் காலம், மருத்துவப் பரிசோதனை நாள் மூன்றும் இருந்தால் மட்டும் நின்று படியுங்கள்.