மாத்திரையில் மிச்சம் பிடிக்கலாமா?
(ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் பதில்கள்)

கேள்வி: சர்க்கரை, பிரஷர் மாத்திரையை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுப்பதைக் குறைத்தால், அந்தப் பணத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு நவீன மிஷின்கள் வாங்கலாமே? மலிவு விலை மாத்திரை கேட்கவும் மாட்டேன் என்கிறது.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: கை வைக்கவே கூடாத இடம் அதுதான் ஐயா. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் பிரஷருக்கான அம்லோடிபினும் மருந்துப் பட்டியலில் விலை குறைந்தவற்றில் சேர்ந்தவை. அதை ஒழுங்காகச் சாப்பிடாமல் கிட்னி போனவருக்கு வாரம் இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ், ஆயுள் முழுக்க. காப்பீட்டு அட்டை இருந்தாலும் அதுவும் அரசுப் பணம்தானே? ரத்தக்கொதிப்பை விட்டுவிட்டுப் பக்கவாதத்தோடு வந்து படுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வீட்டில் சம்பாதிக்கிற ஆளே அவராகத்தான் இருப்பார்.

மலிவு என்றால் மட்டம் இல்லை. 1994-ல், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தபின், கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து டெண்டர் விடுகிறார்கள். மொத்தமாக வாங்குவதால் விலை இறங்குகிறது. விளம்பரச் செலவு, கடைக்காரர் லாபம் எதுவும் அதில் கிடையாது. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண்ணோடு லேபுக்குப் போகும். தேறினால்தான் ஆஸ்பத்திரிக்கு வரும். மாத்திரை 'கேட்கவில்லை' என்றால், விட்டுவிட்டுச் சாப்பிடுகிறீர்களா, டோஸ் மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது. ஓர் ஆஸ்பத்திரியில் அடுக்கி வைத்த ஊசிமருந்து, தேதி முடியப்போகிற நிலையில் கிடக்கும்; பக்கத்துத் தாலுகாவில் அதே மருந்துக்குத் தட்டுப்பாடு. மூன்று மாதம் முன்னாலேயே மாற்றிவிட்டால் ஒரு பைசா வீணாகாது. பழுதான மிஷின் ஒரு சின்ன பாகத்துக்காக மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதும் அப்படித்தான். புதுசு வாங்கும்போதே பராமரிப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அதை இயக்க ஆள் இருக்கிறாரா என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும்.

கேள்வி: "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சீட்டு எழுதித் தருகிறார்களே?
— வாசகி, கடலூர்

பதில்: அம்மா, ஆஸ்பத்திரியே அவசரத்துக்கு உள்ளூரில் மருந்து வாங்கிக்கொள்ள, மருந்து ஒதுக்கீட்டில் ஒரு சிறு பங்கு உண்டு. மருத்துவ அலுவலரைப் பார்த்து, "லோக்கல் பர்ச்சேஸில் வாங்கித் தர முடியுமா?" என்று கேளுங்கள். மறுத்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். மருந்தின் பெயர், தேதி எழுதிய அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.