ஈர்ப்பு விசை நின்றுபோனால்? கேட்டவையும் சொன்னவையும்

தேனி: சார், ஈர்ப்பு திடீரென்று நின்றால் நாமெல்லாம் வானத்தில் வீசப்படுவோமா?

பூமியின் சுழற்சியை மட்டும் பார்த்தால், வீசாது. மெல்லக் கிளம்புவோம். பூமத்திய ரேகையில் நிலம் மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே போகிறது. நாமும் அதே வேகத்தில்தான் போகிறோம். ஈர்ப்பு நின்றதும் நாம் நேர்கோட்டில் போவோம், தரை வளைந்து விலகும். பத்து நொடியில் ஒன்றரை மீட்டர் சொச்சம், ஒரு நிமிடத்தில் 60 மீட்டர் அளவு. துருவத்தில் நிற்பவர் சுழற்சியால் கிளம்பவே மாட்டார். ஆனால் காற்றும் மேல்நோக்கிப் பாயும், நம்மையும் இழுத்துப் போகும். அப்புறம் பூமியே நிலைக்காது. மையத்தில் சுமார் 36 லட்சம் வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. அதை மூடி வைத்திருப்பது மேலேயிருக்கும் பாறையின் எடைதான்.

நெல்லை: விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லையே, அங்கே நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

தம்பி, அங்கே ஈர்ப்பு இருக்கிறது. 400 கி.மீ. உயரத்தில் தரையில் உள்ளதில் கிட்டத்தட்ட 90 சதவீதம். நிலையமும் அதிலிருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதக்கிறார்கள். பக்கவாட்டில் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகம் இருப்பதால் தரையில் வந்து மோதுவதில்லை. ‘விண்வெளியில் ஈர்ப்பு இல்லை’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

சேலம்: எடையே இல்லாவிட்டால் அடுப்பில் பால் பொங்குமா அண்ணா?

நல்ல கேள்வி அம்மா. சூடான பால் லேசாகி மேலே வரும், ஆறினது கீழே இறங்கும். எடை இருந்தால்தான் இந்தச் சுற்று நடக்கும். இல்லாவிட்டால் அடிப்பால் அங்கேயே நின்று தீயும். ஆவிக் குமிழி மேலே வரத் தெரியாமல் பாத்திரத்தின் அடியிலேயே ஒட்டி வீங்கும். தீயும் நாக்கு நீட்டாது. எடையற்ற நிலையில் மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்: சுடர் சின்ன நீல உருண்டையாக நின்றது.

கரூர்: விண்வெளியில் ஈர்ப்பு இல்லாததால்தானே...

நெல்லைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஈரோடு: மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைக் கல் ஈர்ப்பை மீறி நிற்கிறதே?

மீறவில்லை. எடையும் உராய்வும்தான் அதை நிறுத்தி வைத்திருக்கின்றன.

கோவை: ஈர்ப்பு என்று ஒன்றும் கிடையாது, காற்றழுத்தம்தான் நம்மை அழுத்திப் பிடிக்கிறது என்கிறேன்.

காற்று மேலிருந்து மட்டுமா அழுத்துகிறது? எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. அந்த அழுத்தமே காற்றின் எடையால் வந்தது. ஈர்ப்பு இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

கோவை: அப்படியானால் காற்றில்லாத இடத்தில் பொருள் விழுந்ததைக் காட்டுங்கள்.

1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு கையில் சுத்தியல், மறு கையில் வல்லூறின் இறகு பிடித்து ஒன்றாக விட்டார். காற்றே இல்லை. இரண்டும் சேர்ந்தே தரை தொட்டன.

கரூர்: அப்போ நிலவில் ஈர்ப்பு உண்டா?

உண்டு. நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு. விண்வெளியிலும் உண்டு என்று மறுபடியும் சொல்கிறேன்.

கோவை: என் வீட்டில் இறகு மெதுவாகத்தானே விழுகிறது?

காற்று தடுப்பதால். ஒரு புத்தகத்தின் மேல் அதைவிடச் சின்னத் தாள்துண்டை வையுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து புத்தகத்தைத் தட்டையாக விடுங்கள். தாள் பின்தங்குகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.