ஐந்து பேர் வாராவாரம் கூடிப் பேசினால் திரைக்கதை தேறுமா?

நண்பர்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு கதை இருக்கிறது, ஞாயிறுதோறும் கூடி ஒருவர் கதைக்கு மற்றவர்கள் கருத்துச் சொல்லலாம் என்று திட்டம். கதை தேறுமா, ஆளாளுக்கு இழுத்துக் கெடுத்துவிடுவோமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேறும். ஆனால் கூட்டத்தில் கதை சொல்லாதீர்கள். எழுதிக் கொண்டுவந்து வாசியுங்கள்.

கதை விவாதம் என்பது கோடம்பாக்கத்துக்குப் புதிதில்லை. தேவர் பிலிம்ஸ் மாதிரி கம்பெனிகள் அந்தக் காலத்திலேயே 'கதை இலாகா' என்று டைட்டிலில் போட்டார்கள். இன்றைக்கும் வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஏதாவது ஒரு அறையில் நாலு பேர் டீயும் கையுமாக டிஸ்கஷனில் இருப்பார்கள். நானும் சில வருடம் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அங்கே எல்லாம் வாய்வழிதான். நன்றாகக் கதை சொல்கிறவர் "இந்த இடத்துல அப்படியே பிஜிஎம் ஏறுது சார்" என்று கையை உயர்த்தினால் கேட்கிற நமக்கும் புல்லரித்துவிடும். எழுத்தில் அந்த பிஜிஎம் கிடையாது. சொல்கிறவரின் குரலும் கண்ணும் கதையில் இருக்கும் ஓட்டையை எல்லாம் பூசி மறைத்துவிடும். தயாரிப்பாளர் முன்னால் நரேஷன் கொடுக்க அந்தத் திறமை அவசியம். எங்கே சறுக்குகிறது என்று கண்டுபிடிக்க அது உதவாது.

அதனால் நாங்கள் பிற்பாடு ஒரு சின்னக் குழு வைத்துக்கொண்டபோது முறையை மாற்றினோம். ஒரு அமர்வுக்குப் பத்துப் பதினைந்து பக்கம், அவ்வளவுதான். பிரின்ட் எடுத்து எல்லோர் கையிலும் ஒரு பிரதி. பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு மற்றவர்கள் வாசிப்பார்கள், காட்சி விவரிப்பை ஒருவர் வாசிப்பார். எழுதியவர் வாசிக்கக்கூடாது, நடுவில் விளக்கமும் சொல்லக்கூடாது. மனசு வெளியே போன இடத்தில் பக்க ஓரமாக ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். முடிந்ததும் முதல் வேலை, ஒருவர் கதையைத் தனக்குப் புரிந்தபடி திருப்பிச் சொல்வது. எழுதியவர் நெளிவது பெரும்பாலும் இங்கேதான், ஏனென்றால் தான் எழுதியதாக நினைத்த கதை வேறாக இருக்கும்.

அடுத்து, கருத்துச் சொல்கிறவர்கள் தங்களுக்கு என்ன நடந்தது என்பதைச் சொன்னால் போதும். "இங்கே குழம்பினேன்", "இவன் ஏன் போனான் என்று புரியவில்லை", இப்படி. "இங்கே ஒரு ஃபைட் வை" என்பது மருந்து. நமக்கு வேண்டியது வலி எங்கே என்பது.

ஒரு உதாரணம். எங்கள் குழுவில் ஒருவர், திருவாரூர் பக்கம் ஒரு ரைஸ்மில் குடும்பத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். மில்லை அண்ணன் பெயருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட கோயம்புத்தூரிலிருந்து தங்கை வருகிறாள். சார்பதிவாளர் அலுவலகத்தில், பேனாவைக் கையில் வாங்கிய பிறகு, "நான் போடல" என்கிறாள். படத்தின் முக்கியமான காட்சி. வாசித்தபோது சப்பென்று இருந்தது. ஒருவர் மழை வைக்கச் சொன்னார். இன்னொருவர் அண்ணன் அறையட்டும் என்றார். வசனத்தைக் கூட்டு, குறை என்று ஒரு மணி நேரம் போனது. சினிமாவோடு சம்பந்தமே இல்லாத, வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் குழுவில் உண்டு. அவர் கடைசியில், "அந்தப் பொண்ணுக்கு மில்லு மேல ஆசை இருக்குங்கறதே எனக்கு இங்கதாங்க தெரியுது" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். எழுதியவர் அந்தக் காட்சியில் கையே வைக்கவில்லை. முப்பது பக்கம் முன்னால் போய், அவள் ஊருக்கு வந்து இறங்கும் காட்சியைத் திருத்தினார். பையைத் தோளில் மாட்டியபடியே மில்லுக்குள் போகிறாள், களத்தில் காயும் நெல்லில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்கிறாள், "இன்னும் ஒரு வெயில் வேணும்ணே" என்று வேலையாளிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போகிறாள். அடுத்த வாசிப்பில் அலுவலகக் காட்சி ஒரு வரி மாறாமல் எடுபட்டது. குழு கைகாட்டிய இடம் ஒன்று, கோளாறு இருந்த இடம் வேறு. இது அடிக்கடி நடக்கும், அதனால்தான் மருந்தைக் காதில் வாங்காதீர்கள் என்கிறேன். அந்த அக்கா மாதிரி சினிமா தெரியாத ஒரு ஆளையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, யார் முடிவெடுப்பது? எழுதியவர் மட்டும்தான். ஓட்டெடுப்பு கூடவே கூடாது. அனிமேஷன் படங்கள் எடுக்கும் அமெரிக்க நிறுவனமான பிக்ஸாரில் 'பிரெய்ன்டிரஸ்ட்' என்று ஒரு குழு உண்டு. கூட இருக்கும் இயக்குநர்களும் எழுத்தாளர்களும் படத்தைப் பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே குறை சொல்வார்கள். ஆனால் சொன்னதைச் செய்துதான் ஆக வேண்டும் என்று அந்தக் குழுவால் கட்டளையிட முடியாது. அந்த அதிகாரம் இல்லாததால்தான் அங்கே தைரியமாகப் பேச முடிகிறது என்று நினைக்கிறேன்.

வாராவாரம் என்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒன்லைனும் (கதைச் சுருக்கம்) சீன் ஆர்டரும் (காட்சி வரிசை) பேசும் கட்டத்தில் வாரம் ஒருமுறை சரி. முதல் டிராஃப்ட் எழுதும்போது குழுவிடம் காட்டாதீர்கள். பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை கருத்துக் கேட்டால் முதல் பத்துப் பக்கத்தையே ஆறு மாதம் திருத்திக்கொண்டிருப்பீர்கள். மத்திய அரசின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசி நடத்தும் திரைக்கதைப் பட்டறையிலும், அமர்வுகளுக்கு நடுவே திருத்தி எழுத அவகாசம் கொடுப்பார்கள். 2013இல் வந்த 'தி லஞ்ச்பாக்ஸ்' அந்தப் பட்டறை வழியாக வந்த கதைதான். எழுதுகிறவன் தனியாக உட்காரும் காலம் அதற்கும் தேவைப்பட்டிருக்கிறது.

டிராஃப்ட் முடிந்தால் ஒரு நாள் முழுக்க ஒதுக்கி ஒரே மூச்சில் வாசியுங்கள். இன்டர்வெல் வந்ததும் நிறுத்திவிட்டு டீ சொல்லுங்கள். அப்போது கதையைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள், அவர்களாக என்ன பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். "அவன் திரும்பி வருவானா?" என்று பேசினால் நல்லது. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க ஆரம்பித்தால் முதல் பாதியில் வேலை பாக்கி.

கடைசியாக, யாரும் பேசத் தயங்குகிற விஷயம். யோசனை சொன்னவருக்கு என்ன பங்கு என்று முதல் நாளே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுதி வைத்துவிடுங்கள். டைட்டிலில் 'கதை விவாதம்' என்று பெயர் வருமா, பணம் உண்டா, இரண்டும் இல்லையா, எதுவானாலும் சரி. ஒரு முழுக் காட்சியையே வேறொருவர் எழுதிக் கொடுத்தால் அது கருத்துச் சொல்வதில் சேராது, அதற்குத் தனியாகப் பேச வேண்டும். வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை இல்லை, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. எனவே ஒவ்வொரு டிராஃப்டையும் தேதியோடு உங்களுக்கே மின்னஞ்சல் செய்து வையுங்கள், முழுதாக முடிந்ததும் பதிவு செய்யுங்கள். நண்பர்கள்தானே என்று இதை விட்டுவிட்டுப் பிரிந்துபோன குழுக்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. அங்கெல்லாம் கதையை விட நட்புதான் முதலில் போனது, அதுவும் படம் ஓடிய பிறகு இல்லை, அட்வான்ஸ் வந்த அன்றைக்கே.